அம்மாவின் கால் தரையைத் தொடட்டும்



ஆடி பிறந்துவிட்டது. செய்தித்தாளைப் பிரித்தால் முழுப்பக்கத் தள்ளுபடி விளம்பரங்கள். முன்பெல்லாம் ஆடித் தள்ளுபடி என்றால் ஜவுளிதான். இப்போது ஃபிரிஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை என எல்லாவற்றுக்கும் ஆடி வந்துவிட்டது. அந்த வரிசையில் சில ஆண்டுகளாக ரிக்லைனர் நாற்காலியும் சேர்ந்திருக்கிறது. பின்னால் சாய்ந்தால் முதுகும் சாய்ந்து, காலும் மேலே வந்து ஏந்திக்கொள்ளும் அந்தப் பெரிய மெத்தை நாற்காலி.

“அப்பாவுக்கு எழுபது முடிகிறது, ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம், எதைப் பார்த்து வாங்குவது?” என்று கேட்டு வாசகர்கள் எழுதுகிறார்கள். “வேலையிலிருந்து வந்தால் இடுப்பு ஒடிகிறது, ஒரு நல்ல சாய்வு நாற்காலி போட்டால் தேவலாமா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்தபோது என் அம்மாவின் நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பியதும் நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு ரிக்லைனர் வாங்கினோம். கடைக்கு அம்மாவை அழைத்துப் போகவில்லை. நடக்க முடியாதவரை எதற்கு அலைக்கழிப்பது என்று நினைத்தோம். அண்ணன் உட்கார்ந்து பார்த்தார், நானும் உட்கார்ந்து பார்த்தேன். இருவருக்கும் பிடித்திருந்தது. காப்பிப்பொடி நிறம், கூடத்துச் சுவருக்கும் பொருந்தியது. இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்தோம்.

அம்மா நாலடி பத்தங்குலம். அந்த நாற்காலியில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் பாதம் தரைக்கு எட்டாது. பாதத்தைத் தரையில் ஊன்ற நுனிக்கு வந்தால் முதுகுக்குப் பிடிமானம் இருக்காது. காலை நீட்டி விட்டுவிட்டால் அதை மடக்கி உள்ளே தள்ளக் குதிகாலால் பலமாக அழுத்த வேண்டும். தையல் ஆறாத காலால் அது ஆகிற காரியமா? “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்ட போதெல்லாம், “ரொம்ப நல்லாயிருக்கு கண்ணு, இவ்வளவு செலவு பண்ணி எதுக்கு?” என்றே சொன்னார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். அம்மா சாப்பாட்டு மேசையின் மர நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ரிக்லைனரில் மடித்த சேலைகள் அடுக்கியிருந்தன.

பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தந்ததைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவர் உயரம் என்ன, எந்தக் கை பலம், எந்தக் கால் வலி என்று நாங்களும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். வீட்டு நாற்காலியைப் பெரும்பாலும் வாங்குபவர் ஒருவர், உட்காருபவர் வேறொருவர். கூடத்தை அளக்கிறோம், டிவிக்கு எத்தனை அடி தூரம் என்று அளக்கிறோம். உட்காரப் போகிறவரை அளப்பதில்லை.

சாய்ந்து உட்காரும் சுகம் நமக்குப் புதிதல்ல. பழைய வீட்டுத் திண்ணைகளில் ஒரு முனையைச் சரிவாக மேடுகட்டி விட்டிருப்பார்கள். தலைக்கும் முதுகுக்கும் அதுவே சாய்மானம். எங்கள் தாத்தா வைத்திருந்த ஈஸி சேர் தேக்குச் சட்டம் போட்டது. இரண்டு குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே தொட்டில்போலக் கித்தான் துணி தொங்கும். பின்னால் உள்ள பல்வெட்டுகளில் தாங்குகட்டையை மாற்றி மாற்றி வைத்தால் சாய்வு கூடும், குறையும். மோட்டார் இல்லை, ஸ்பிரிங் இல்லை. துணி நைந்தால் தையற்காரரிடம் கொடுத்துப் புதிதாகத் தைத்து வாங்கிக்கொள்ளலாம். அந்த நாற்காலிக்கு நம் மனத்தில் இருந்த இடம் பெரிது. தோப்பில் முகமது மீரான் தம் நாவலுக்கு ‘சாய்வு நாற்காலி’ என்றே பெயர் வைத்தார். 1997-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இன்றைய ரிக்லைனரின் கதை அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மன்ரோ நகரில் தொடங்குகிறது. எட்வர்ட் நபுஷ், எட்வின் ஷூமேக்கர் என்ற இரண்டு உறவுக்காரர்கள் 1928-இல் வீட்டு முற்றத்தில் போடுவதற்காக மரப்பட்டிகளால் ஒரு நாற்காலி செய்தார்கள். உட்காருபவர் பின்னால் சாய்ந்தால் அதுவும் உடம்போடு சாய்ந்தது. முற்றத்து நாற்காலி வெயில் காலத்தில் மட்டும்தான் விற்கும், மெத்தை வைத்துத் தைத்தால் ஆண்டு முழுக்க விற்கும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்ன யோசனையால் அது கூடத்துக்குள் வந்தது. லேஸி பாய் என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது.

சாய்ந்தால் முதுகுக்கு ஏன் இதமாக இருக்கிறது? முதுகெலும்பின் கணுக்களுக்கு இடையே வட்டு வட்டாக ஜவ்வு இருக்கிறது. அதைத்தான் டிஸ்க் என்கிறோம். சுவீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் இடுப்புப் பகுதியின் ஜவ்வுக்குள் ஊசிவழியாக அழுத்தமானியைச் செலுத்தி, ஒவ்வொரு நிலையிலும் அங்கே எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அளந்தார். நிற்கும்போது 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது 25. பிடிமானமில்லாமல் நிமிர்ந்து உட்காரும்போது 140. உட்கார்ந்தபடி முன்னால் குனிந்தால் 185. ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தில் 1999-இல் வெளியிட்ட அளவீடுகள், உட்காருவதற்கும் நிற்பதற்கும் அவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை என்றன. ஆனால் முதுகைச் சாய்த்து உடம்பின் பாரத்தை நாற்காலியிடம் ஒப்படைத்தால் ஜவ்வின் சுமை குறைகிறது என்பதில் இரண்டு அளவீடுகளும் ஒத்துப்போகின்றன.

எவ்வளவு சாய்வது என்பதற்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் வுட்எண்ட் மருத்துவமனையில் 22 பேரை மூன்று விதமாக உட்கார வைத்து எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. பள்ளிக்கூடத்தில் “நேராக உட்கார்” என்று சொல்லித் தருவார்களே, அந்த 90 பாகை நிலையில்தான் ஜவ்வு அதிகம் இடம் நகர்ந்தது. தொடைக்கும் உடம்புக்கும் இடையே 135 பாகை இருக்கும்படி சாய்ந்தபோது நகர்வு மிகக் குறைவு.

கடைகளில் சில நாற்காலிகளை ‘ஜீரோ கிராவிட்டி’ என்று சொல்கிறார்கள். இந்தப் பெயர் விண்வெளியிலிருந்து வந்தது. 1973, 1974-இல் ஸ்கைலேப் விண்கலத்தில் இருந்தவர்கள் எடையற்ற நிலையில் தளர்வாக மிதந்தபோது அவர்களின் உடம்பு தானாகவே எந்த வடிவத்துக்கு வந்தது என்று நாசா படமெடுத்து ஆராய்ந்தது. உடம்புக்கும் தொடைக்கும் இடையே சுமார் 128 பாகை இருந்தது, முழங்காலும் லேசாக மடங்கியிருந்தது. அந்த வடிவத்தை ஒட்டிச் செய்த நாற்காலிக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். நாற்காலியில் எடை மறைந்துவிடாது. முழங்கால் மார்பு மட்டத்துக்கு உயர்ந்து பாரம் பரவலாக விழும். பெயரைக் கேட்டு மயங்காமல், அந்தக் கோணத்தில் உங்கள் முதுகு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஓர் இன்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்காரப் போகிறவரை ஒரு மர ஸ்டூலில், பாதம் தரையில் முழுதும் படியும்படி உட்கார வையுங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை எத்தனை அங்குலம்? நாற்காலியின் இருக்கை, அவர் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு, அந்த உயரத்தில் இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இது 15, 16 அங்குலம்தான் வரும். கடையில் இருக்கும் ரிக்லைனர்களில் பல 18 முதல் 20 அங்குலம். இரண்டு மூன்று அங்குலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். பாதம் அந்தரத்தில் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தும், கால் மரத்துப்போகும், எழும்போது ஊன்றத் தரை இருக்காது. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு மட்டும் இருக்கை சற்று உயரமாக இருப்பது எழுவதற்கு நல்லது, ஆனால் பாதம் தரையில் படிகிற அளவுக்குள்.

அடுத்தது இருக்கையின் ஆழம். பின்புறம் முதுகோடு ஒட்டியிருக்க, முழங்கால் பின்மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அந்த நாற்காலி அவருக்கு ஆழம் அதிகம். அதில் உட்காருபவர் தன்னையறியாமல் முன்னே சரிந்து, வால் எலும்பின்மேல் உட்காருவார். ‘ரிக்லைனர் வாங்கியும் இடுப்புவலி போகவில்லை’ என்ற குறைக்குப் பின்னால் பல வீடுகளில் இதுதான் இருக்கும்.

மூன்றாவது, முதுகின் வளைவு. இடுப்புக்குச் சற்று மேலே முதுகு உள்நோக்கி வளைகிறது. அந்தக் குழிவை நாற்காலி நிரப்ப வேண்டும். உட்கார்ந்தவரின் இடுப்புக்குப் பின்னால் உங்கள் கையைச் செலுத்திப் பாருங்கள். தாராளமாகப் போய் வந்தால் அங்கே தாங்கல் இல்லை. சிறிய தலையணையோ சுருட்டிய துண்டோ வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் புடைப்பு தவறான இடத்தில், தோள்பட்டைக்குக் கீழே முட்டினால் அதைச் சரிசெய்ய வழியில்லை, அந்த நாற்காலியை விட்டுவிடுங்கள். தலைப்பக்கமும் அப்படித்தான். உயரமானவருக்காகச் செய்த தலையணைப் புடைப்பு குள்ளமானவரின் பிடரிக்கு மேலே வந்து தலையை முன்னால் தள்ளும். அரைமணி நேரத்தில் கழுத்து வலி வந்துவிடும்.

கைப்பிடியை மறந்துவிடாதீர்கள். கையை வைத்தால் தோள் மேலே தூக்கிக்கொள்ளக் கூடாது, கை தொங்கவும் கூடாது. பெரியவர்கள் எழும்போது உடம்பின் பாதிப் பாரத்தை அங்கேதான் போடுகிறார்கள். மெத்தென்று அமுங்கும் கைப்பிடியைவிட உள்ளே கட்டையான கைப்பிடிதான் எழுவதற்குத் துணை. முனை வரை நீண்டிருந்தால் இன்னும் நல்லது.

காலை நீட்டிப் பாருங்கள். கால்தாங்கி கெண்டைக்காலிலிருந்து குதிகால் வரை ஏந்த வேண்டும். நெட்டையானவர்களுக்குக் குதிகால் வெளியே தொங்கிவிடும். நாற்காலியைப் பலவிதமாகச் சாய்க்கலாம். உடம்பால் தள்ளினால் சாய்வது ஒரு வகை. பக்கவாட்டில் நெம்புகோலோ இழுப்பானோ உள்ளது இன்னொன்று. மோட்டாரில் இயங்குவது மூன்றாவது. இருக்கையே மேலெழுந்து ஆளை முன்னால் சாய்த்து நிற்க வைக்கும் லிஃப்ட் நாற்காலி நான்காவது. கை, கால் பலம் உள்ளவர்களுக்கு முதல் இரண்டே போதும், பழுதும் குறைவு, விலையும் குறைவு. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்கள் ஆகியோருக்குக் கால்தாங்கியை உள்ளே தள்ளுவதுதான் பெரும் பாடு. அவர்களுக்கு மோட்டார் வைத்ததே ஏற்றது. பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். வலக்கை தளர்ந்தவருக்கு வலப்பக்கப் பொத்தானால் என்ன பயன்?

மோட்டார் நாற்காலி என்றால் மின்வெட்டையும் யோசிக்க வேண்டும். முழுதாகச் சாய்ந்திருக்கும்போது கரண்ட் போனால் எழ முடியாமல் மாட்டிக்கொள்ளும் நிலை, தனியே இருக்கும் பெரியவருக்கு அச்சம் தருவது. சில நாற்காலிகளில் பேட்டரி வைத்திருக்கிறார்கள், ஒருமுறை கீழே இறக்கிவிட அது போதும். கடையிலேயே நாற்காலியைச் சாய்த்த பிறகு பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, இறங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக் பாயின்ட் அருகே நாற்காலியைப் போடுங்கள். வயர் மட்டும் நடக்கும் வழியில் குறுக்கே கிடக்க வேண்டாம். காலில் மாட்டி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், நாற்காலி வாங்கிய நோக்கமே போய்விடும்.

மெத்தைக்கு வருவோம். ‘32 டென்சிட்டி, 40 டென்சிட்டி’ என்று கடைக்காரர் சொல்வது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதை. எண் கூடினால் பொதுவாக நீண்ட நாள் அமுங்காமல் உழைக்கும். கெட்டியாக இருக்கிறதா, மெத்தென்று இருக்கிறதா என்பது வேறு விஷயம், அதை உட்கார்ந்துதான் அறிய முடியும். மெத்து மெத்தென்று அமிழும் இருக்கை முதல் ஐந்து நிமிடம் சொர்க்கமாக இருக்கும். பிறகு இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும், எழுவதற்கு ஆள் வேண்டும். ஆகவே கடையில் உட்கார்ந்ததும் எழுந்துவிடாதீர்கள். கால் மணி நேரமாவது இருங்கள், சாய்ந்து பாருங்கள், நிமிர்ந்து பாருங்கள், யார் கையையும் பிடிக்காமல் எழுந்து பாருங்கள். வாங்கப் போகிற பொருள், தயங்க வேண்டாம்.

மேல் உறை நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ரெக்ஸின் துடைக்க எளிது, ஆனால் சித்திரை வெயிலில் முதுகில் ஒட்டும். செயற்கைத் தோலில் ஒரு வகை புழுக்கத்தாலும் வியர்வையாலும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். காற்றோட்டமான கெட்டித் துணி நமக்கு இதம், கழற்றித் துவைக்கும்படி இருந்தால் இன்னும் நல்லது. தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் தலைப்பக்கத்தில் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். எங்கள் தாத்தாவின் ஈஸி சேரில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கும்.

இடத்தையும் அளக்கத்தான் வேண்டும். முழுதாகச் சாய்ந்தால் தலையிலிருந்து கால்வரை ஐந்தரை அடிக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். சாதாரண ரிக்லைனருக்குப் பின்னால் சுவருக்கும் நாற்காலிக்கும் ஓர் அடிக்கு மேல் இடைவெளி வேண்டும். சாயும்போது இருக்கையே முன்னால் நகரும் வகைக்குச் சில அங்குலம் போதும், சிறிய கூடங்களுக்கு அதுவே நல்லது. வீட்டு வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் ஆகியவற்றின் அகலத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். முதுகுப் பகுதியைத் தனியே கழற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. கால்தாங்கி வெளியே வந்திருக்கும்போது அதற்கும் இருக்கைக்கும் இடையே ஒரு சந்து விழும். தவழும் பிள்ளை, ஓடி விளையாடும் பிள்ளை அங்கே தலையையோ கையையோ நுழைத்துவிடும். இப்படிப்பட்ட விபத்துகளைப் பற்றி அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்திருக்கிறது. எழுந்தவுடன் கால்தாங்கியை மூடிவிடுங்கள், மூடும் முன் கீழே குனிந்து பாருங்கள். மோட்டார் நாற்காலியாக இருந்தால், பயன்படுத்தாத நேரத்தில் சுவிட்சை அணைத்து வையுங்கள்.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அதிலேயே இருந்துவிடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நடக்கும்போது கெண்டைக்கால் தசைதான் கால் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால், கால் உயரத்தில் இருந்தாலும், அந்த வேலை நடக்காது. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், எழுந்து சமையலறை வரை ஒரு நடை போய்வாருங்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது, தடுமாறாமல் நிற்பதற்கும் நடப்பதற்குமான பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது.

மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முழங்கால் லேசாக மடங்கிய நிலை சுகமாக இருக்கும். ஆனால் அதே நிலையில் இரவெல்லாம் கிடந்தால் கால் முழுதாக நீளாமல் மடங்கியே பழகிவிடும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வதும் இதனால்தான். பகலில் சற்று நேரம் சாய்ந்திருக்கலாம். இரவில் கட்டில்தான்.

இன்னொன்றையும் கண்டுகொள்ளுங்கள். வழக்கமாகக் கட்டிலில் படுக்கும் அப்பா, திடீரென்று “படுத்தால் மூச்சு முட்டுகிறது, நாற்காலியிலேயே தூங்கிக்கொள்கிறேன்” என்று சொன்னால், நாற்காலி வசதியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். இதயம் தளர்ந்திருப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு, “எங்களால் இப்போது வாங்க முடியாதே” என்று யாரும் வருந்த வேண்டாம். பழைய ஈஸி சேர் பரணில் கிடந்தால் இறக்கி, புதுத் துணி போடுங்கள். துணி நடுவில் குழிந்தால் முதுகு கூன்போடும், ஆகவே இழுத்துக் கட்டி, இடுப்புக்கு ஒரு சிறிய தலையணை வையுங்கள். கைப்பிடி உள்ள சாதாரண மர நாற்காலியில் இடுப்புக்கு ஒரு துண்டுச் சுருள், பாதத்துக்கு ஒரு மணைப்பலகை. அதுவும் பெரிய உதவிதான். உடம்பு கேட்பது சரியான அளவை, விலையை அல்ல.

எங்கள் அம்மாவின் கதையை முடிக்க வேண்டும். சேலை அடுக்கியிருந்த அந்த நாற்காலியை அண்ணன் தம் வீட்டுக்கு எடுத்துப் போனார். அவருடைய ஐந்தடி பதினோரு அங்குல உடம்புக்கு அது சரியாகப் பொருந்தியது. அடுத்த நாற்காலிக்கு அம்மாவையே கடைக்கு அழைத்துப் போனோம். வாக்கரோடு மெதுவாக நடந்து வந்து, ஒன்பது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முதல் மூன்றையும் “நல்லாயிருக்கு” என்றார். நான் அருகே மண்டியிட்டு, “பாதம் தரையில படுதாம்மா?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “படலை கண்ணு” என்றார். அதன் பிறகுதான் மனம் திறந்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இது குழிகிறது, இதன் கைப்பிடி உயரம், இதில் கழுத்து முன்னால் போகிறது என்று. ஒன்பதாவதில் உட்கார்ந்தவர் எதுவும் சொல்லவில்லை. சாய்ந்தார், கண்ணை மூடினார், கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தி நிமிர்ந்தார், இரண்டு கையையும் ஊன்றித் தானாக எழுந்து நின்றார். எங்களில் யாரும் கை நீட்டவில்லை.

அது சிறிய நாற்காலி. கூடத்துச் சுவருக்கு நிறம் பொருந்தவில்லை. இப்போது சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா அதில் சாய்ந்து படிக்கிறார், இந்த இதழையும்தான். தெருவில் பூக்காரம்மாவின் குரல் கேட்டதும் இதழை மடித்து வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் எழுந்து வாசலுக்குப் போகிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். “வசதியாக இருக்கிறதா?” என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அருகே உட்கார்ந்து பாதத்தைப் பாருங்கள், எழும்போது எதைப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். கண்டதை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்